மூன்றேகால் மணிக்குப் பள்ளி கேட்டில் யார் நிற்பது?

நீங்கள் கேட்டிருப்பது மூன்று விஷயம். நர்ஸ் வேலை கிடைத்து ஜனவரியில் இங்கிலாந்தின் லெஸ்டர் நகருக்கு வருகிறீர்கள். திருச்சியில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கும் கணவர், எட்டு வயது மகள், மார்ச்சில் நான்கு முடியும் மகன் மூவரையும் கூடவே அழைத்து வரலாமா என்பது ஒன்று. உங்கள் ஒருவர் சம்பளத்தில் குடும்பம் ஓடுமா என்பது இரண்டாவது. பெட்டியில் எதையெல்லாம் எடுத்து வைப்பது என்பது மூன்றாவது, அதிலேயே கிரைண்டரைப் பற்றித் தனியாக ஒரு வரி. எல்லாவற்றுக்கும் வருகிறேன். ஆனால் நடுவில், "இங்கே மாமியார் பக்கத்துத் தெருவில் இருக்கிறார், அங்கே எங்களுக்கு யாரும் இல்லை" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, நீங்கள் கேட்க வந்ததே அதைத்தான் என்று எனக்குப் படுகிறது. நம் ஊரில் ஒரு வீட்டை நாலைந்து பேர் சேர்ந்து ஓட்டுகிறோம். இங்கே இரண்டு பேரால் முடியுமா?

முடியும். எப்படி என்று சொல்வதற்கு முன் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். சொந்த ஊர் திருநெல்வேலி. 2007இல் கணவரின் வேலைக்காக லெஸ்டர் வந்தேன். பன்னிரண்டு வருடமாக ஓர் ஆரம்பப் பள்ளியில் டீச்சிங் அசிஸ்டென்ட். வெளிநாட்டிலிருந்து புதிதாக வந்து, ஆங்கிலம் வராமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் பக்கத்தில் உட்காருவதுதான் என் வேலை. அதனால் பள்ளி, பிள்ளைகள், வீட்டு நடப்பு பற்றி நான் சொல்வதைத் தைரியமாக எடுத்துக்கொள்ளலாம். விசா என் துறை இல்லை. அது அடிக்கடி மாறுவது. அதற்கு அரசாங்க இணையதளத்தையும், உங்களை வேலைக்கு எடுத்த மருத்துவமனையின் ஆட்களையும் மட்டும் நம்புங்கள். ஏஜென்ட்டையோ வாட்ஸ்அப் குழுவையோ வேண்டாம், என்னையும் வேண்டாம்.

இந்த ஊரில் குழந்தை உள்ள ஒரு வீட்டின் நாள் எதைச் சுற்றி ஓடுகிறது தெரியுமா? மாலை மூன்றேகால் மணியை. பள்ளிக்குப் பள்ளி கால் மணி முன்னே பின்னே இருக்கும். காலை எட்டே முக்காலுக்குக் கொண்டுபோய் விட வேண்டும், மூன்றேகாலுக்குக் கேட்டில் நின்று கையில் வாங்க வேண்டும். பள்ளி வேன் கிடையாது, ஆட்டோ அண்ணன் கிடையாது. ஐந்தாம், ஆறாம் ஆண்டுக்கு வந்த பிறகுதான் பெரும்பாலான பள்ளிகளில் பிள்ளையைத் தனியாக நடந்து போக விடுவார்கள், அதுவும் நீங்கள் எழுதிக் கொடுத்தால். சின்னப் பிள்ளைகளை டீச்சர் வாசலில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்து ஒப்படைப்பார். தெரியாத முகம் வந்து நின்றால் பிள்ளை போகாது; ஆபீஸுக்குப் போன் போகும். வீட்டில் தனியாக விடுவதற்கு இத்தனை வயது என்று சட்டம் எண் எதுவும் குறிக்கவில்லை. ஆனால் ஆபத்து நேரும்படி விட்டுவிட்டுப் போனால் அது குற்றம். எட்டு வயதுப் பெண்ணிடம் தம்பியை ஒப்படைத்துவிட்டு ஒரு மணி நேரம் போய்வருவது நம் ஊரில் சாதாரணம். இங்கே அந்தப் பேச்சே வேண்டாம்.

இப்போது உங்கள் ரோட்டாவை, அதாவது ஷிஃப்ட் அட்டவணையை, இதன் மேல் வைத்துப் பாருங்கள். வார்டு நர்ஸுக்குப் பெரும்பாலும் 'லாங் டே'. காலை ஏழரைக்கு ஏறினால் இரவு எட்டு மணிக்குத்தான் இறங்குவீர்கள். வாரத்துக்கு முப்பத்தேழரை மணி நேரம், ஆக மூன்று நாள், சில வாரம் நான்கு. அந்த நாட்களில் காலையிலும் மாலையிலும் நீங்கள் கணக்கிலேயே இல்லை. இரவு ஷிஃப்ட் முடிந்து வரும் நாளிலும் காலையில் பிள்ளையை விட ஓடி வந்து சேர முடியாது. ஆகவே முதல் ஆறு மாதத்துக்காவது கேட்டில் நிற்கப்போகிறவர் உங்கள் கணவர். எங்கே வீடு, எந்தப் பள்ளி, அவருக்கு என்ன வேலை என்பதை எல்லாம் இதிலிருந்துதான் பார்க்க வேண்டும். பல குடும்பங்கள் தலைகீழாகச் செய்கின்றன. முதலில் மலிவாக ஒரு வீடு, பிறகு எங்கோ ஒரு வேலை, கடைசியில் எங்கே இடம் கிடைத்ததோ அந்தப் பள்ளி. மூன்றும் மூன்று திசையில். இரண்டு பஸ் மாறி மூச்சு வாங்க வந்து நிற்கும் அப்பாக்களை நான் வாரந்தோறும் பார்க்கிறேன். வீட்டுத் தேவைக்கேற்ப வேலை நேரத்தை மாற்றித் தரக் கேட்கும் உரிமை 2024 ஏப்ரலிலிருந்து வேலையில் சேரும் முதல் நாளே உண்டு. கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும் என்றில்லை, ஆனால் தகுந்த காரணம் இல்லாமல் மறுக்க முடியாது. நம் பெண்கள் புதிதாகச் சேர்ந்த இடத்தில் கேட்கக் கூச்சப்பட்டே இரண்டு வருடத்தைக் கழிப்பார்கள். நீங்கள் கேளுங்கள்.

கூடவே வருவதா, நீங்கள் முதலில் வருவதா? என் யோசனை, நீங்கள் முதலில் வாருங்கள். வேலையில் சேர்ந்து பன்னிரண்டு வாரத்துக்குள், இங்கே நர்ஸாகப் பதிவு பெறுவதற்கான ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்வுக்கு உட்கார வேண்டியிருக்கும். பகல் முழுக்க வார்டு, இரவில் படிப்பு என்று இருக்கும்போது ஒரு பக்கம் குழந்தை அழுவதும் இன்னொரு பக்கம் வீட்டைச் சூடாக்கும் பாய்லர் நின்றுபோவதும் தாங்காது. மருத்துவமனை முதல் சில வாரம் தங்க அறை கொடுக்கும் என்றால் அதில் இருந்துகொண்டு, விடுமுறை நாளில் பள்ளிகளைச் சுற்றி நடந்து பார்த்து வீடு பிடியுங்கள். குடும்பம் ஈஸ்டரை ஒட்டி வரட்டும். அப்போது வெளிச்சம் திரும்பியிருக்கும், மரங்கள் பூத்திருக்கும், பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறைக்கு முன் இரண்டு மூன்று மாதம் பள்ளி கிடைக்கும். ஜூலையில் வந்தால் யாரையும் தெரியாத ஊரில் விடுமுறை முழுவதும் நாலு சுவருக்குள் இருக்க வேண்டும். அதிலும் லெஸ்டர் பகுதியில் கோடை விடுமுறை மற்ற ஊர்களைவிட முன்னதாகவே தொடங்கிவிடும், ஜூலை நடுவுக்கெல்லாம் பள்ளி மூடிவிடும்.

பணம். தேர்வில் தேறிப் பதிவு கிடைக்கும்வரை ஒரு படி கீழே சம்பளம் கொடுப்பார்கள். தேறிய பிறகு அரசு மருத்துவமனைச் சம்பள அட்டவணையில் ஐந்தாம் பேண்டின் தொடக்கம், 2025-26 கணக்கில் வருடம் 31,049 பவுண்டு. 12,570 வரை வருமான வரி இல்லை, அதற்கு மேல் 20 சதவீதம். நேஷனல் இன்சூரன்ஸ் 8 சதவீதம். அப்புறம் பென்ஷன் பிடித்தம். எல்லாம் போகக் கைக்கு வருவது மாதம் ஏறத்தாழ இரண்டாயிரம். லெஸ்டரில் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு ஆயிரத்தை ஒட்டிக் கேட்கிறார்கள். நகர நிர்வாகமான கவுன்சிலுக்குக் கட்டும் கவுன்சில் டாக்ஸ் நூற்றைம்பது, நூற்றறுபது. கேஸும் கரண்டும் அதே அளவு. சாப்பாடு சிக்கனமாக இருந்தால் நானூறு. தண்ணீர், போன், இன்டர்நெட், பஸ் சேர்ந்து நூற்றைம்பதாவது ஆகும். கூட்டிப் பாருங்கள், கையில் நூறு மிஞ்சினால் பெரிது. ஒருவர் சம்பளத்தில் ஓடும், ஆனால் ஒரு குளிர்கோட்டுக்கும் ஒரு பிறந்தநாளுக்கும் கணக்குப் பார்த்தபடி ஓடும். ஊரிலிருந்து அனுப்பச் சொல்லும் கடன் இருந்தால் ஓடாது. கணவருக்குப் பகல் நேரத்தில் வாரம் பதினாறு மணி நேர வேலை கிடைத்தாலே, 2025-26இல் இருந்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 என்று வைத்தால், மாதம் எண்ணூற்று நாற்பதுக்கு மேல் வரும். அந்த அளவுக்கு வருமான வரியும் கிடையாது. அது வந்த மாதத்திலிருந்து வீட்டில் பேச்சுவார்த்தையின் தொனியே மாறும், நான் பார்த்திருக்கிறேன்.

இதில் ஓர் எச்சரிக்கை. உங்கள் விசாவில் அரசு உதவித்தொகை பெற அனுமதி இல்லை என்று எழுதியிருக்கும். பிள்ளைகளுக்காகப் பெற்றோருக்குத் தரும் 'சைல்ட் பெனிஃபிட்' தொகையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. "நான் வாங்குகிறேன், ஒன்றும் ஆகவில்லை" என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். பின்னால் விசாவையே பாதிக்கும். ஆனால் உங்களுக்கு உரியதைப் பயந்துபோய் விட்டுவிடவும் வேண்டாம். அரசுப் பள்ளிப் படிப்பு இலவசம், அது அந்தத் தடையில் வராது. ரிசப்ஷன் (முதலாம் ஆண்டுக்கு முந்தைய வகுப்பு), முதலாம், இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் மதிய உணவு இலவசம். மூன்று வயது முடிந்த பிள்ளைக்கு, முடிந்ததற்கு அடுத்த பருவத்திலிருந்து வாரம் பதினைந்து மணி நேரம் நர்சரி இலவசம். உங்கள் மகனுக்கு வந்தவுடனே கிடைக்கும். வேலைக்குப் போகும் பெற்றோருக்கு முப்பது மணி நேரம் என்று ஒன்று சொல்வார்கள், இருவர் விசாவிலும் அந்தத் தடை இருந்தால் அது உங்களுக்கு இல்லை. மற்ற விசாக்காரர்கள் கட்டும் வருடாந்தர மருத்துவக் கட்டணம், செவிலியர் விசாவில் வருபவர்களுக்கும் குடும்பத்துக்கும் கிடையாது. நான்கு பேருக்குச் சேர்த்துப் பார்த்தால் அது பெரிய தொகை.

வீடு பிடிக்கும்போது டெபாசிட் ஐந்து வார வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. கொடுத்த முப்பது நாளுக்குள் அதை அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் போட்டு உங்களுக்குத் தாள் தர வேண்டும். புதிதாக வந்தவர், உத்தரவாதம் சொல்ல ஆளில்லை என்று ஆறு மாத வாடகையை முன்பணமாகக் கேட்கும் பழக்கம் இருந்தது. 2026 மே 1 முதல் ஒரு மாதத்துக்கு மேல் அப்படிக் கேட்கக் கூடாது என்று புதுச் சட்டம்.  வீட்டைப் பார்க்கப் போகும்போது சுவர் மூலையிலும் அலமாரிக்குப் பின்னாலும் கறுப்புப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். அது பூஞ்சை. லெஸ்டரின் பழைய வரிசை வீடுகளில் அது பெரிய தலைவலி. குளிர்காலத்தில் துணியை ரேடியேட்டர் மேல் போட்டு, ஜன்னலையும் சாத்தி, சோறும் குழம்பும் மூடியில்லாமல் கொதிக்க வைத்தால் அந்த ஈரம் எல்லாம் சுவரில்தான் போய் உட்காரும். எவ்வளவு குளிராக இருந்தாலும் காலையில் பத்து நிமிடம் ஜன்னலைத் திறந்து விடுங்கள்.

குளியலறையைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லவில்லை, அதனால் உங்களுக்குச் சொல்கிறேன். இங்கே குளியலறைத் தரையில் தண்ணீர் போக ஓட்டை இருக்காது. வந்த இரண்டாம் நாள் நான் ஒரு வாளியை நடுத்தரையில் வைத்துத் தலைக்கு ஊற்றிக் குளித்துவிட்டு, துடைப்பம் தேடிக்கொண்டிருந்தேன். கீழே சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்த என் கணவர், "மழை பெய்யுதா?" என்று கேட்டார். கூரையில் விளக்கைச் சுற்றி ஒரு பழுப்பு வட்டம் விரிந்து, அதிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. டெபாசிட்டில் இருநூறு பவுண்டு போனது. குளிப்பதெல்லாம் தொட்டிக்குள் நின்றுதான், வாளி குவளையும் அதற்குள்ளேதான். அதேபோல், தாளிக்கும்போது சமையலறைக் கதவைச் சாத்தி, புகை உறிஞ்சும் விசிறியைப் போட்டுவிடுங்கள். காய்ந்த மிளகாய் கருகும் வாசனையைப் புகை அலாரம் தீ என்றுதான் எடுத்துக்கொள்ளும். அலறுகிறதே என்று அதன் பேட்டரியைக் கழற்றும் வேலை மட்டும் வேண்டாம்.

சரி, பள்ளிக்கு வருகிறேன். பள்ளிச் சேர்க்கை கவுன்சில் வழியாகவோ நேராகப் பள்ளியிலோ நடக்கும். முகவரி வேண்டும் என்பதால் வீடு முடிவாகும்வரை பெரும்பாலும் காத்திருக்கத்தான் வேண்டும். நன்கொடை, நேர்முகம், நுழைவுத் தேர்வு எதுவும் இல்லை. வகுப்பு முழுக்க முழுக்க வயதுப்படி. செப்டம்பர் 1இலிருந்து ஆகஸ்ட் 31 வரை பிறந்தவர்கள் ஒரே ஆண்டு. செப்டம்பருக்கு முன்பே எட்டு முடிந்திருந்தால் உங்கள் மகள் நான்காம் ஆண்டில் உட்காருவாள். அங்கே மூன்றாம் வகுப்புதானே படித்தாள், டபுள் புரமோஷனா என்று மகிழவோ பயப்படவோ வேண்டாம். இங்கே எண் அப்படி. மகன் மார்ச்சில் நான்கு முடிப்பதால் வரும் செப்டம்பரில் ரிசப்ஷன். அதற்கு விண்ணப்பக் கடைசித் தேதி ஜனவரி 15. நீங்கள் அதைத் தவறவிடத்தான் போகிறீர்கள். பரவாயில்லை, வீடு கிடைத்த அன்றே தாமத விண்ணப்பம் போடுங்கள். அக்காவும் தம்பியும் ஒரே பள்ளியில் என்பதை மட்டும் விடாப்பிடியாகக் கேளுங்கள், மூன்றேகாலுக்கு ஒருவர் இரண்டு கேட்டில் நிற்க முடியாது.

பிள்ளை பள்ளியில் போய்ப் பேசாமல் இருப்பதுதான் புது அம்மாக்களை உலுக்கும் விஷயம். வீட்டில் வாய் ஓயாத குழந்தை, வகுப்பில் வாரக்கணக்கில் ஒரு சொல் பேசாது. எங்கள் தொழிலில் இதை மௌனக் காலம் என்போம். அது நோய் இல்லை, அடமும் இல்லை. பிள்ளை காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். சில வாரத்தில் முடியலாம், சிலருக்கு அரை வருடம்கூட ஆகலாம். சில வருடம் முன்பு தென்னிந்தியாவிலிருந்து வந்த ஆறு வயதுப் பையன் ஒருவன் என்னிடம் இருந்தான். அக்டோபரில் சேர்ந்தான். கையை மட்டும் காட்டுவான், தலையாட்டுவான். தண்ணீர் வேண்டும் என்றால் பாட்டிலைத் தொட்டுவிட்டு என் முகத்தைப் பார்ப்பான். நான் இடையிடையே தமிழில் கேட்டாலும் உதட்டைப் பிதுக்குவான். அம்மா தினமும் கேட்டில், "இன்னிக்காவது பேசினானா?" என்பார். பிப்ரவரியில் ஒரு நாள், மதியச் சாப்பாட்டு வரிசையில் ஒருவன் குறுக்கே புகுந்தான். நம்மாள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து, "எக்ஸ்கியூஸ் மீ, ஐ வாஸ் ஹியர் ஃபர்ஸ்ட்" என்றான். நல்ல லெஸ்டர் இழுப்போடு. சாப்பாடு போடும் அம்மா கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். முழு வாக்கியமாகச் சேர்த்து வைத்திருந்து, தேவைப்பட்ட அன்று எடுத்திருக்கிறான். உங்கள் மகள் ஆங்கில வழியில் படித்தவள் என்பதால் இவ்வளவு நாள் ஆகாது. ஆனாலும் இங்கத்து உச்சரிப்பு காதில் ஏற ஓரிரு மாதம் கொடுங்கள்.

இதைப் பார்த்துப் பயந்து பெற்றோர் ஒரு தவறு செய்கிறார்கள். வீட்டிலும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறார்கள். வேண்டாம். என் பயிற்சியிலும் இதைத்தான் சொன்னார்கள், பன்னிரண்டு வருட அனுபவமும் இதையேதான் சொல்கிறது: தாய்மொழியில் கதை சொல்லவும் காரணம் சொல்லவும் தெரிந்த பிள்ளைக்கு ஆங்கிலம் வந்து சேர்ந்துவிடும். நீங்கள் பேசும் ஆங்கிலத்தை அவர்களுக்குக் கொடுக்கத் தேவையில்லை. அதற்குப் பள்ளியில் முப்பது பிள்ளைகள் இருக்கிறார்கள். நீங்கள் மட்டுமே கொடுக்கக்கூடியது தமிழ். இரண்டு வருடத்தில் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லத் தொடங்குவார்கள், அதற்குத் தயாராக இருங்கள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிகள் பல ஊர்களில் உண்டு. பலவற்றையும் நட்டு வளர்த்தவர்கள் ஈழத்தமிழர்கள். அங்கே போனால் பிள்ளைக்குத் தமிழ் கிடைக்கும், உங்களுக்கு நாலு மனிதர் கிடைப்பார்கள்.

படிப்பு முறையைப் பார்த்து முதலில் ஏமாற்றமாக இருக்கும். பாடப்புத்தகம் வீட்டுக்கு வராது, ரேங்க் கிடையாது, வீட்டுப்பாடமும் சொற்பம். ஒரு சின்னப் பையில் ஒரு கதைப் புத்தகமும், படித்ததற்குக் கையெழுத்துப் போட ஒரு குறிப்பேடும் வரும். தினம் பத்து நிமிடம் பிள்ளையோடு உட்கார்ந்து படிக்கச் சொல்வார்கள். அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அந்தப் பத்து நிமிடத்தில்தான் எல்லாம் இருக்கிறது. கணக்கில் உங்கள் மகள் முதலில் முன்னால் நிற்பாள். நான்காம் ஆண்டில் ஜூன் மாதம் 12×12 வரை பெருக்கல் தேர்வு ஒன்று உண்டு, இருபத்தைந்து கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஆறு விநாடி. நம் வாய்ப்பாட்டுக்காரிக்கு அது அல்வா. ஆனால் "எப்படி இந்த விடை வந்தது, விளக்கு" என்ற கேள்வியில் தடுமாறுவாள். "தெரியும், அதனால் வந்தது" என்பது இங்கே பதில் இல்லை. ஊருக்குப் போகப் பள்ளி நாட்களில் லீவு எடுக்க முடியாது என்பதையும் இப்போதே மனதில் வையுங்கள். அனுமதியில்லாமல் ஐந்து நாள் போனால் ஒரு பிள்ளைக்கு ஒரு பெற்றோருக்கு 80 பவுண்டு அபராதம் வரலாம். இருபத்தொரு நாளுக்குள் கட்டாவிட்டால் அது 160. கல்யாண முகூர்த்தம் எதுவும் இவர்கள் காலண்டரைப் பார்த்து வைப்பதில்லை, என்ன செய்வது.

இதையும் சொல்லிவிட வேண்டும். பிள்ளையை அடிக்காதீர்கள். "அப்பா அடிச்சார்" என்று பிள்ளை சொன்னால், எனக்கு உங்களை எவ்வளவு பிடிக்கும் என்றாலும், நான் அதை எழுதி மேலே கொடுத்தே ஆக வேண்டும். உடம்பில் தடம் இருந்தால் அன்றே கவுன்சிலிலிருந்து ஆள் வருவார். இங்கிலாந்துச் சட்டத்தில் பெற்றோருக்குச் சின்ன விலக்கு ஒன்று இன்னும் இருக்கிறது, ஆனால் அதை நம்பிக் கையை ஓங்க வேண்டாம்.

உடல்நலம் உங்கள் துறை, சுருக்கமாக முடிக்கிறேன். வந்த வாரமே ஜி.பி.யிடம், அதாவது குடும்ப டாக்டரிடம், நாலு பேரையும் பதியுங்கள். முகவரிச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது, அதற்கு விதி இருக்கிறது. சளி காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் தர மாட்டார்கள். "பாராசிட்டமால், தண்ணீர்" என்பார்கள். உங்கள் கணவருக்குத்தான் இது அவமானமாகத் தோன்றும். அவசரமில்லாத சந்தேகத்துக்கு 111, உயிர்போகிற அவசரத்துக்கு 999. பிள்ளைகளுக்கு மருந்து இலவசம், பெரியவர்களுக்கு ஒரு மருந்துக்கு 9.90. டிசம்பரில் எட்டு மணிக்கு மேல் விடிந்து நாலு மணிக்குள் இருட்டிவிடும். நம் நிறத்துக்கு வைட்டமின் டி வருடம் முழுக்கத் தினம் 10 மைக்ரோகிராம் எடுத்துக்கொள்வது நல்லது.

உங்கள் கணவரைப் பற்றித்தான் எனக்குக் கவலை. நீங்கள் வந்த அன்றே யூனிஃபார்ம் போடுவீர்கள், உங்களுக்கு ஒரு பெயர் அட்டை இருக்கும், ஷிஃப்ட் முடிவில் பொறுப்பை ஒப்படைத்து 'ஹேண்டோவர்' கொடுக்க ஆள் இருப்பார்கள். பிள்ளைகளுக்கும் ஒரு மாதத்தில் கோட்டு மாட்டும் கொக்கியில் பெயர் ஒட்டிவிடுவார்கள். பதினைந்து வருடம் "சார்" என்று கூப்பிடப்பட்ட மனிதர் காலை ஒன்பது மணிக்குப் பிள்ளைகளை விட்டுவிட்டு, காலியான வீட்டுக்குத் திரும்பிப் பாத்திரம் கழுவுவார். ஊரிலிருந்து போன் வந்தால், "என்ன வேலை பார்க்கிறீங்க?" என்பதுதான் முதல் கேள்வி. இங்கே நான் பார்த்த குடும்பங்களில் உடைந்து திரும்பிப் போனவை இரண்டு. இரண்டிலும் காரணம் பிள்ளையும் இல்லை, பணமும் இல்லை, இதுதான். அதனால் அவர் வருவதற்கு முன்பே அவருக்கு ஒரு திட்டம் வேண்டும். துணையாக வருபவருக்கு வேலை செய்ய உரிமை உண்டு. கணக்குத் தெரிந்தவருக்கு 'ஏஏடி' என்ற கணக்கியல் தகுதிப் படிப்பு இங்கே நல்ல படிக்கட்டு, வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம். 'ஸேஜ்', 'ஸீரோ' இரண்டு மென்பொருளையும் அங்கிருந்தே பழகிக்கொண்டு வரட்டும். முதல் வருடம் அதே துறையில் கிடைக்காமல் போகலாம். பள்ளியில் மதிய நேர மேற்பார்வை, கடையில் காலை ஷிஃப்ட் என்று கிடைத்ததைப் பிடித்துக்கொள்வதில் குறைவில்லை. பிள்ளைகளோடு வேலை என்றால் இந்தியாவிலிருந்து போலீஸ் சான்றிதழ் கேட்பார்கள், கிளம்பும் முன்பே வாங்கி வைப்பது சுலபம். ஓட்டுநர் உரிமமும் அவருக்குப் பெரிய தைரியம். இந்திய லைசென்ஸில் பன்னிரண்டு மாதம் ஓட்டலாம், அதற்குள் இங்கத்துத் தேர்வு எழுதி ஓட்டிக் காட்ட வேண்டும். மாற்றிக் கொடுக்க மாட்டார்கள். தேர்வுத் தேதிக்கே மாதக்கணக்கில் காத்திருப்பு, வந்ததும் பதிவு செய்யச் சொல்லுங்கள். இன்னொன்று, பலருக்குத் தெரியாது: இந்தியக் குடிமக்கள் காமன்வெல்த் நாட்டவர் என்பதால் இங்கே தேர்தல்களில் ஓட்டுப் போடலாம். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்தால் கடன் வரலாற்றுக்கும் உதவும்.

நம்மவர்கள் நிறைய இருக்கும் பகுதியில் வீடு பார்ப்பதா, வேண்டாமா என்பதில் எனக்கே இரண்டு மனம். லெஸ்டரில் பெல்கிரேவ் சாலைப் பக்கம் போனால் 1972இல் இடி அமீன் உகாண்டாவை விட்டு விரட்டியபோது வந்த குஜராத்தியரின் கடைகள் வரிசையாக இருக்கும். தீபாவளிக்கு அந்தச் சாலை முழுக்க விளக்கு. வெண்டைக்காய்க்கும் கறிவேப்பிலைக்கும் அலைய வேண்டாம். ஆறுதல்தான். ஆனால் ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை பேசாமலே பத்து வருடம் ஓட்டிவிடவும் அங்கே முடியும், அப்படி ஓட்டியவர்களையும் தெரியும். என்னைக் கேட்டால் பள்ளிக்குப் பக்கம் என்பதை முதலில் வையுங்கள்.

எத்தனை நாளில் பழகும் என்று கேட்டால் மாதக் கணக்கு என்னால் சொல்ல முடியாது. சேர்க்கைப் படிவத்தில் அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்கள் என்று ஓர் இடம் உண்டு. புதிதாக வருபவர்கள் அப்பா, அம்மா பெயரை எழுதிவிட்டு மூன்றாவது வரியை வெறுமையாக விட்டுவிடுவார்கள். ஆபீஸில் வற்புறுத்தினால் தலையைக் குனிந்துகொள்வார்கள். பிறகு ஒரு நாள், ஏழெட்டு மாதமோ ஒரு வருடமோ கழித்து, ஒரு அப்பா வந்து, "அந்த மூணாவது இடத்தில் இவங்க பெயரை எழுதிக்கலாமா?" என்பார். கேட்டில் தினமும் பக்கத்தில் நின்ற ஒரு போலந்துக்காரியாகவோ மலையாளியாகவோ இருக்கும். கேட்டில் நிற்கும்போது போனைப் பார்க்காமல் இருக்கச் சொல்லுங்கள் உங்கள் கணவரை.

பெட்டிக்கு வருகிறேன். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, பள்ளி ரிப்போர்ட் மூன்றும் கைப்பையில். மூக்குக் கண்ணாடி போடுபவருக்கு இன்னொரு ஜோடி. குக்கருக்கு இரண்டு கேஸ்கட். கம்பளி உடை அங்கே வாங்காதீர்கள், இந்தக் குளிருக்கு அது பத்தாது. இங்கே சாரிட்டி கடைகளில் நல்ல கோட்டு மலிவாகக் கிடைக்கும். பள்ளிச் சீருடையும் சூப்பர்மார்க்கெட்டில் விற்கும். நெய், பால்கோவா, பால் சேர்ந்த இனிப்பு, கறி ஊறுகாய் எதுவும் கொண்டுவரக் கூடாது, விமான நிலையத்தில் எடுத்துக்கொள்வார்கள். இங்கேயும் 230 வோல்ட்தான், மிக்ஸி அப்படியே ஓடும், பிளக்கை மட்டும் மாற்ற வேண்டும். கிரைண்டர் வேண்டாம். கல்லின் எடைக்கு ஒருவரின் லக்கேஜே போய்விடும், மூன்றேகாலுக்கு ஓடும் வீட்டில் முதல் வருடம் யாரும் அதில் அரைக்கவும் போவதில்லை. மிக்ஸியில் உளுந்தை ஐஸ் தண்ணீர் விட்டு அரையுங்கள். குளிர்காலத்தில் மாவு பொங்காது. அடுப்பின் ஓவனைச் சூடாக்காமல் உள்ளே இருக்கும் விளக்கை மட்டும் போட்டு, பாத்திரத்தை ராத்திரி முழுக்க அதற்குள் வையுங்கள். அடியில் ஒரு தட்டு வைக்க மறக்காதீர்கள், பொங்கி வழிந்தால் தேய்ப்பது உங்கள் கணவர்தான்.